கால் சேற்றில், தலை வெயிலில்

ஒரு கோரைத் தட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். நெல் தாள் வழுக்கிக்கொண்டு உருளும். கோரை அப்படி உருளாது. ஒரு பக்கம் படுக்கும், விளிம்பில் ஏறும், அடுத்த பக்கத்தில் போய் உட்காரும். மூன்று முறை உட்கார்ந்தால் ஒரு சுற்று முடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே ஒரு தாவரக் குடும்பத்தை அடையாளம் சொல்லிவிடலாம் என்பது எனக்கு இன்னும் அலுக்காத ஆச்சரியம். கோரைக் குடும்பத்தில் உருண்டைத் தண்டு உள்ளவையும் உண்டு. ஆனால் வாய்க்கால் ஓரத்தில் நம் கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை முக்கோணம்தான்.

கோரைப்புல் என்றுதான் ஊரில் சொல்கிறோம். பார்க்கவும் புல் மாதிரியே இருக்கிறது. ஆனால் இது புல் அல்ல. புல்லின் தண்டில் கணு இருக்கும். கணுவுக்குக் கணு உள்ளே பெரும்பாலும் வெற்றிடமாக இருக்கும். இலைகள் இரண்டு வரிசையில் எதிரும் புதிருமாக ஏறும். கோரைத் தண்டில் கணு கிடையாது. உள்ளே வெள்ளையாகச் சோறு நிறைந்திருக்கும். இலைகள் மூன்று வரிசையில் கிளம்பும். தண்டைச் சுற்றியிருக்கும் இலையுறையைப் பார்த்தாலும் தெரியும்: புல்லில் அது முன்பக்கம் திறந்த சட்டை, கோரையில் தலைவழியே மாட்டிய பனியன். நெல், கரும்பு, மூங்கில் எல்லாம் ஒரு குடும்பம். கோரை அதற்குப் பங்காளி வீடு. சைப்பரேசி என்று தாவரவியலார் பெயரிட்ட இந்த வீட்டில் சுமார் 5,500 இனங்கள் இருக்கின்றன. எகிப்தியர் எழுதுவதற்குத் தாள் செய்த பாப்பிரஸ் இந்த வீட்டுப் பிள்ளை. உழவர் திட்டித் தீர்க்கும் கோரைக்கிழங்கும் இந்த வீட்டுப் பிள்ளைதான்.

இந்த அத்தியாயம் இவர்களில் ஒருவரைப் பற்றியது. நாம் படுத்துறங்கும் பாய்க்கோரை.

அதன் தாவரவியல் பெயர் சைபீரஸ் பாங்கோரை. பெயரின் பின்பாதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நம் கோரைதான் அது. 1773-இல் கோபன்ஹேகனில் இந்தப் பெயரை அச்சேற்றியவர் டென்மார்க்குத் தாவரவியலாளர் ராட்பால். அப்போது தரங்கம்பாடி டென்மார்க்கின் வசம் இருந்தது. 1768-இல் அங்கே மருத்துவராக வந்து சேர்ந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக், சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்தக் காலத்துத் தாவரச் சேகரிப்பில் ஊர் மக்கள் சொன்ன பெயரும் செடியோடு சேர்ந்து கப்பலேறுவது வழக்கம். அப்படித்தான் காவிரிக் கழிமுகத்தில் வழங்கிய ஒரு சொல் இன்று உலகெங்கும் உலர்தாவரத் தாள்களில் லத்தீன் எழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. நமக்கோ இந்தச் செடியோடு உறவு அதைவிடப் பழையது. சங்கப் பாடல்களில் சிறுமிகள் பஞ்சாய்க் கோரையில் பாவை செய்து விளையாடுகிறார்கள். திருவாரூர்ப் பக்கம் ஓர் ஆற்றுக்கே கோரையாறு என்று பெயர்.

இனி, சேற்றுக்குள் இறங்குவோம்.

வீட்டில் செடி வளர்க்கும் எல்லோருக்கும் தெரிந்த முதல் பாடம், தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும் என்பது. அது உண்மை. ஆனால் வேரைக் கொல்வது தண்ணீர் என்று நினைத்தால் தவறு. மூச்சு முட்டித்தான் வேர் சாகிறது. நல்ல தோட்ட மண்ணில் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. வேரின் செல்கள் அதிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. மழை கொட்டி அந்த இடைவெளிகளைத் தண்ணீர் நிறைத்துவிட்டால் கதை மாறுகிறது. தண்ணீருக்குள் ஆக்சிஜன் பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய 10,000 மடங்கு குறைவு. மண்ணில் மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடும். ஆக்சிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் சுமார் 30 எடுக்கக்கூடிய செல், அது இல்லாதபோது வெறும் 2 ஏடிபியில் பிழைப்பை ஓட்டவேண்டும். தக்காளி வேரோ கத்தரி வேரோ அந்தக் கூலியில் வெகுநாள் தாங்காது.

அத்தோடு முடிவதில்லை. ஆக்சிஜன் தீர்ந்த சேற்றில் நுண்ணுயிர்கள் வேறு பொருள்களைப் பிடித்துக்கொண்டு சுவாசிக்கின்றன. முதலில் நைட்ரேட், பிறகு மாங்கனீசு, பிறகு இரும்பு, பிறகு சல்பேட். கடைசிக் கட்டத்தில் மீத்தேன் பிறக்கிறது. இரும்பு, நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி வேருக்கு நஞ்சாகிறது. சல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. குளத்துச் சேற்றில் கால் வைத்ததும் குப்பென்று அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அதுதான். அப்படிப்பட்ட மண்ணில் ஒரு செடி வாழவேண்டுமானால், தனக்கு வேண்டிய காற்றைத் தானே சுமந்து வரவேண்டும்.

கோரை சுமந்து வருகிறது. தட்டையைக் கூர்மையான பிளேடால் குறுக்கே வெட்டி, பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் வழியே பாருங்கள். ஓரத்தில் ஒரு பச்சை வளையம், அதற்குள் வெள்ளையாகத் தேன்கூடு. கூட்டின் ஒவ்வோர் அறையிலும் காற்றுதான். தாவரவியல் பாடத்தில் இதை ஏரன்கைமா என்பார்கள், காற்றறைத் திசு. இலையிலும் தண்டிலும் புகுந்த காற்று இந்த அறைகள் வழியே இறங்கி, மண்ணுக்குள் கிடக்கும் மட்டநிலத்தண்டுக்குப் போய், அங்கிருந்து வேர் நுனி வரை சேர்கிறது. வேருக்குள் அறைகள் உருவாகும் விதம் இன்னும் அழகு. வேரின் புறணியில் இருக்கும் செல்களில் ஒரு பகுதி ஓர் ஒழுங்கில் செத்து இடம் விடுகிறது. மிச்சமுள்ள செல்கள் நூல்போல் இழுபட்டு நிற்க, வேரின் குறுக்குவெட்டு சிலந்தி வலை மாதிரி தெரியும். நெல் வேரின் காற்றறைகள் ஆரக்கால் வைத்த சக்கரம் போல் இருக்கும். சேற்றில் வாழ ஒரே வழியைக் கண்ட இரண்டு பங்காளிகள், வீட்டை மட்டும் தங்கள் தங்கள் பாணியில் கட்டிக்கொண்டார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வகம் வேண்டாம். இரண்டு வருடம் தண்ணீர் வற்றாமல் வைத்திருந்த ஒரு கோரைத் தொட்டியை நான் பிரித்தபோது பார்த்தது இது. தொட்டியின் அடி மண் தார் போலக் கருத்திருந்தது. சல்பைடு நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனால் அந்தக் கறுப்புக்குள் ஓடிய வேர் ஒவ்வொன்றையும் சுற்றிச் செங்கல் நிறத்தில் ஒரு மெல்லிய உறை. கழுவினாலும் போகவில்லை. வேர் நுனிகள் மட்டும் பால் வெள்ளை. அந்தச் செங்கல் நிறம் வேறொன்றுமில்லை, துரு. வேர் தன் தேவைக்குப் போக மிஞ்சிய ஆக்சிஜனைக் கொஞ்சம் வெளியே கசியவிடுகிறது. கரைந்து நச்சாக நிற்கும் இரும்பு அந்த ஆக்சிஜனைத் தொட்டதும் துருவாகி வேரின் மேல் படிந்துவிடுகிறது. உள்ளே போக வழியில்லை. தன்னைச் சுற்றி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் ஒரு நல்ல மண்ணைத் தானே உண்டாக்கிக்கொண்டு, நாறும் சேற்றுக்கு நடுவே அந்த வேர் வாழ்கிறது. நான் எத்தனையோ செடிகளின் வேரைப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு தெளிவாகத் தன் வேலையைக் காட்டிய வேர் வேறில்லை.

கழிவுநீரைச் சுத்தம் செய்யும் வேர்மண்டலத் தொட்டிகளில் கல்வாழையோடு கோரை இனங்களையும் நடுவது இதனால்தான். வேரைச் சுற்றிக் கசியும் ஆக்சிஜனை நம்பி அங்கே ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் வாழ்ந்து அழுக்கைத் தின்கிறது. குழாய் என்றால் இரண்டு பக்கமும் ஓடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேற்றில் பிறக்கும் மீத்தேன் இதே காற்றறைகள் வழியாக மேலேறி வெளியே போகிறது. நெல் வயலிலும் இதே கதைதான்.

இந்தக் காற்றறைகளுக்கும் பாய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறையவே இருக்கிறது.

கோரைத் தண்டில் கணு இல்லை என்று சொன்னேன். சரியாகச் சொன்னால், மண்ணுக்கு மேலே நாம் பார்க்கும் ஆளுயர, இடுப்புயரத் தட்டை முழுவதும் ஒரே கணுவிடை. அடிவாரத்தில் வளர்திசு இருந்துகொண்டு தண்டை மேலே மேலே தள்ளிவிடுகிறது. உச்சியில் ஒரு பூங்கொத்து, அதன் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு மூன்று பூவடிச் செதில்கள், அவ்வளவுதான். பாய்க்கோரையில் இலை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அடியில் உறையாகச் சுருங்கிவிட்டது. சூரிய ஒளியைப் பிடித்து உணவாக்கும் வேலையைப் பச்சைத் தண்டே பார்க்கிறது. முடிச்சில்லாத, கிளையில்லாத, இலைத் தழும்பில்லாத நீளமான நார் வேண்டும் என்று நெசவாளர் கேட்கிறார். இந்தச் செடி அதை அப்படியே முளைத்துக் கொடுக்கிறது.

தண்டின் வலிமை முழுவதும் தோலில் இருக்கிறது. மேல்தோலுக்கு அடியிலேயே நார்க்கற்றைகள் கம்பி வைத்தாற்போல் வரிசையாக ஓடுகின்றன. தோலின் செல்களுக்குள் கூம்பு வடிவத்தில் நுண்ணிய சிலிக்கா மணிகள் இருக்கின்றன. நடுவில் இருக்கும் சோறு இலேசான நிரப்பு. பொறியாளர் ஒருவர் தூண் அமைத்தாலும் இப்படித்தான் செய்வார். வளையாமல் காக்கும் பொருளை விளிம்புக்குத் தள்ளிவிட்டு நடுவை இலேசாக்குவார். முக்கோணம் ஏன் என்பதற்கும் ஒரு பதில் உண்டு. 1993-இல் ரோலண்ட் எனோஸ் என்ற பிரிட்டிஷ் உயிரியலாளர் கேரெக்ஸ் என்னும் கோரைப் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூத்தண்டை ஆராய்ந்தார். முக்கோணத் தண்டு எளிதில் வளையாது, ஆனால் எளிதில் முறுக்கிக்கொள்ளும் என்று கண்டார். காற்று அடிக்கும்போது தண்டு திருகித் தலையைக் காற்றின் போக்கிலேயே திருப்பிவிடும். எதிர்த்து நின்று ஒடியாது. காற்றடிக்கும் நாளில் கோரை வயலின் வரப்பில் நின்று பார்த்தால், நெல்லைப் போல அலை அலையாகச் சாயாமல், ஒவ்வொரு தலையும் தனித்தனியே திரும்பித் திரும்பி ஆடுவது தெரியும்.

பாய்க்கு வேண்டியது அந்தத் தோல். பச்சைத் தட்டையை நீளவாக்கில் கிழித்து உள்சோற்றை வழித்தெடுத்துவிட்டால் மிஞ்சுவது நார்க்கற்றையும் சிலிக்கா மணியும் கொண்ட பட்டை. பத்தமடைக்காரர்கள் அதையும் விடமாட்டார்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில், காய்ந்த கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, ஊறிப் பருத்த பிறகு மறுபடி மறுபடி கிழித்து, மயிரிழை போல ஆக்கி, பருத்தி அல்லது பட்டு நூல் பாவில் ஊடாகக் கோக்கிறார்கள். நுட்பமாக நெய்தது துணி போல மடியும். கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரையும் நெய்துவிடுவார்கள். அந்த ஓடும் தண்ணீரில் நடப்பதும் உயிரியல்தான். நாரையும் நாரையும் ஒட்டவைத்திருக்கும் பசைப் பொருளை நுண்ணுயிர்கள் மெல்லத் தின்று தளர்த்துகின்றன. அளவோடு தின்றால் நார் பிரியும். அளவு மீறினால் நாரே இற்றுவிடும். எத்தனை நாள் என்பதைக் கையால் தொட்டுப் பார்த்துச் சொல்கிறவர்கள் அவர்கள். ஒரு நுண்ணுயிரியல் ஆய்வகத்துக்கு ஈடான அறிவு அந்த விரல்களில் இருக்கிறது.

கோரையைப் பயிராகப் பார்க்கவேண்டுமானால் காவிரிப் படுகைக்குப் போகவேண்டும். கரூர்ப் பக்கம் வாங்கல், நெரூர். ஆற்றின் அக்கரையில் மோகனூர், பரமத்திவேலூர். கீழே இறங்கினால் தொட்டியம், முசிறி. வண்டல் மண், ஆற்றுத் தண்ணீர், வெட்டவெளி வெயில் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் இடங்கள். விதை போட்டு யாரும் கோரை வளர்ப்பதில்லை. பழைய வயலில் தோண்டிய கிழங்கைத் துண்டு துண்டாக்கிச் சேற்றில் ஊன்றுவதுதான் முறை. கிழங்கு என்று பேச்சில் சொன்னாலும் அது மட்டநிலத்தண்டு, மஞ்சளும் இஞ்சியும் போல. துண்டு ஒவ்வொன்றிலும் ஒரு முளையும் நாலு வேரும் இருந்தால் போதும். அது மண்ணுக்குள் கிடையாக ஓடி, போகிற வழியெல்லாம் தட்டைகளை மேலே அனுப்பும். வயல் அடைந்து முதல் அறுப்புக்கு வர ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதன்பிறகு ஆறு மாதத்துக்கு ஓர் அறுப்பு, ஆண்டுக் கணக்கில். அறுத்தால் செடி சாவதில்லை. அதன் உயிரும் சேமிப்பும் மண்ணுக்குள் இருக்கிறது.

வயலைக் காயவிடக் கூடாது என்பது முதல் கட்டளை. காய்ந்தால் தட்டை குட்டையாகிவிடும், நுனி கருகும். வளரும் பகுதி அடிவாரத்தில் இருப்பதால், அங்கே செல்கள் தண்ணீரை உறிஞ்சிப் பருத்து நீளவேண்டிய நாள்களில் தண்ணீர் தவறினால், அந்த இழப்பைப் பின்னால் எவ்வளவு பாய்ச்சினாலும் ஈடு செய்ய முடியாது. உரத்திலும் ஒரு கணக்கு உண்டு. தழைச்சத்து குறைந்தால் தட்டை மஞ்சளித்து நீளாது. அள்ளிக் கொட்டினால் பச்சைப் பசேலென்று எழும்பும், ஆனால் செல்சுவர் மெலிந்து தண்டு சதசதவென்று ஆகி, ஒரு காற்று மழைக்குப் படுத்துவிடும். படுத்த கோரை கோணிப்போகும், பாய்க்கு ஆகாது.

அறுக்கும் நாளைத் தேர்வதில்தான் அனுபவம் இருக்கிறது. முந்தி அறுத்தால் நார் முற்றாமல், காயும்போது சுருங்கி நூலாகிவிடும். பிந்தினால் செல்சுவரில் லிக்னின் என்னும் மரப்பொருள் கூடித் தட்டை விறைத்து, மடக்கும்போது ஒடியும். அறுத்த கோரையை உயரவாரியாகப் பிரித்து, பச்சையாகவே கிழித்து, களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். வெயிலில் பச்சையம் சிதைந்து நிறம் வெளிர்ந்து, அந்த இளமஞ்சள் வரும். நடுவில் ஒரு மழை பெய்தால் போதும், பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். ஆறு மாத உழைப்பு அடிமட்ட விலைக்குப் போகும். கோரை விவசாயி செடி வளரும்போது தண்ணீரை வேண்டுகிறார், காயும்போது அதே தண்ணீர் வராமலிருக்க வேண்டுகிறார்.

இதே சைபீரஸ் பேரினத்தில் பிறந்து, யாரும் நடாமலே வளர்ந்து, யார் பிடுங்கினாலும் சாகாத ஒன்று உண்டு. கோரைக்கிழங்கு, மருந்துக்கடையில் முத்தக்காசு. 1977-இல் லிராய் ஹோமும் அவருடைய குழுவினரும் உலகின் மிக மோசமான களைகளைப் பட்டியலிட்டபோது முதலிடம் இதற்குத்தான் கொடுத்தார்கள். 90-க்கும் மேற்பட்ட நாடுகளில், 50-க்கும் மேற்பட்ட பயிர்களில் புகுந்திருந்தது. மண்ணுக்கடியில் சங்கிலி கோத்தாற்போல் கிழங்குகளை வைத்துக்கொண்டே போகும். மேலே இழுத்தால் சங்கிலி அறும். அறுந்த ஒவ்வொரு கிழங்கும் உறக்கம் கலைந்து முளைக்கும். களை எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நடவு செய்கிறோம். பாய்க்கோரையை ஊன்றிப் பெருக்கும் அதே வித்தைதான் இங்கே உழவருக்கு எதிராகத் திரும்பியிருக்கிறது.

இந்தக் குடும்பத்தின் இரண்டு விசித்திரங்களை மட்டும் சொல்லிவிட்டு வீட்டுத் தொட்டிக்கு வருகிறேன். பூக்கும் தாவரங்களில் மகரந்தத் தாய்ச்செல் ஒன்று பிரிந்து நான்கு மகரந்தத் துகள்களாவதுதான் வழக்கம். கோரைக் குடும்பத்தில் அந்த நான்கில் மூன்று தேய்ந்து அழிய, ஒன்றே ஒன்று மகரந்தமாகிறது. இரண்டாவது விசித்திரம் குரோமோசோமில் இருக்கிறது. நம் குரோமோசோம் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடுப்பு உண்டு. சென்ட்ரோமியர் என்ற அந்த ஓரிடத்தில்தான் செல் பிரியும்போது இழுக்கும் நார்கள் பற்றும். கோரைகளின் குரோமோசோமில் அந்தப் பிடி நீளம் நெடுகப் பரவிக் கிடக்கிறது. அதனால் குரோமோசோம் உடைந்தாலும் துண்டுகள் தொலைந்துபோவதில்லை. துண்டுக்கும் ஒரு பிடி இருக்கிறது. ஒரே பேரினத்துக்குள் குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாக வேறுபடுவதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள். துண்டானாலும் பிழைப்பது இவர்களுக்குச் செல்லுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது.

சரி, வீட்டில் வளர்ப்பது எப்படி?

மற்றச் செடிகளுக்குப் படித்த பாடத்தை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். தொட்டியில் ஓட்டை வேண்டாம். பழைய பிளாஸ்டிக் டப்போ சிமெண்டுத் தொட்டியோ போதும். ஆழத்தைவிட அகலம் முக்கியம், இந்தச் செடி கிடையாகத்தான் ஓடும். தென்னை நார்க்கழிவு கலந்த இலேசான கலவையை நான் முதலில் போட்டுப் பார்த்தேன். அது மிதந்தது, கிழங்குக்குப் பிடிமானம் இல்லை, செடி மூன்று மாதம் அப்படியே நின்றது. குளத்து வண்டலை அள்ளி வந்து போட்ட பிறகுதான் பிடித்தது. களிமண் பாங்கான வயல் மண்ணும் ஆகும். மக்கிய சாணம் ஒரு கை சேர்க்கலாம். பச்சைச் சாணம் வேண்டாம், அது சேற்றுக்குள் நொதித்து, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும்.

முளையுள்ள துண்டைக் கிடையாக வைத்து, மேலே அரை விரல் மண் மூடினால் போதும். தொடக்கத்தில் மண் சேறாக இருக்கட்டும், தண்ணீர் மேலே நிற்கவேண்டாம். காரணம் இப்போது உங்களுக்கே தெரியும். காற்றைக் கீழே கொண்டுபோகும் தண்டு இன்னும் எழும்பவில்லை. முழுகிய முளை மூச்சுக்குத் திணறும். தட்டைகள் ஒரு சாண் உயர்ந்ததும் இரண்டு மூன்று விரல் தண்ணீர் நிறுத்தலாம். அதே காரணத்தால், எல்லாத் தட்டையையும் ஒரே நாளில் ஒட்ட அறுத்துவிட்டுத் தண்ணீரில் மூழ்கடிக்காதீர்கள். வெட்டிய குச்சியின் வாய் தண்ணீருக்கு மேல் நிற்கவேண்டும். அதுவே அடுத்த தட்டை வரும்வரை அதன் மூக்கு.

வெயில் நாளுக்கு ஆறு மணி நேரமாவது விழவேண்டும். நிழலில் வைத்தால் நீளும், ஆனால் மெலிந்து சாயும். நுனி பழுப்பானால் மூன்றைச் சந்தேகியுங்கள்: தண்ணீர் ஒருநாள் வற்றியிருக்கும், உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்புச் சேர்ந்திருக்கும், அல்லது தட்டைக்கு வயதாகியிருக்கும். வயதானதை அடியோடு அறுத்துவிடுங்கள், புதிது வரும். உப்பு, ஓட்டையில்லாத தொட்டியின் பெரிய தொல்லை. தண்ணீர் ஆவியாகிறது, உப்பு போவதில்லை. மழைக்காலத்தில் தொட்டியை நிரம்பி வழியவிட்டு இரண்டு மூன்று முறை கழுவிவிட்டால் ஓர் ஆண்டுக்குத் தாங்கும்.

கொசுவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நான் பொறுப்பற்றவன். தேங்கிய தண்ணீரில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். தொட்டியில் நாலு கப்பி மீன் விடுங்கள். புழு ஒன்று மிஞ்சாது. மீன் முடியாதென்றால் மேலே நிற்கும் தண்ணீரை வாரம் ஒரு முறை வடித்து, தொட்டியின் உள்சுவரைத் தேய்த்து, புதிதாக ஊற்றுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் சாவதில்லை, ஆகவே தேய்ப்பது அவசியம். இரண்டையும் செய்ய நேரமில்லை என்றால் தண்ணீர் நிறுத்தாமல் சேறாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கோரை அதிலும் வாழும்.

பாய்க்கோரை கிடைக்காதவர்களுக்கு நர்சரியில் அம்பர்லா பாம் என்ற பெயரில் ஒன்று விற்கிறார்கள். பாமும் இல்லை பனையும் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கோரை. உச்சியில் குடைக்கம்பி போல இலைகள் விரிந்திருக்கும். இதைப் பெருக்குவது குழந்தைகளுக்குக் காட்டவேண்டிய வேடிக்கை. குடையை ஒரு சாண் காம்போடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கிவிட்டு, தலைகீழாக ஒரு டம்ளர் தண்ணீரில் மூழ்கவிடுங்கள். சில வாரங்களில் இலைக் கக்கங்களிலிருந்து வெள்ளை வேரும் பச்சைக் குருத்தும் கிளம்பும். ஆற்றோரத்தில் வளரும் செடிக்கு இது இயல்பான வழி; முதிர்ந்த தண்டு வளைந்து தலை தண்ணீரில் விழுந்தால், விழுந்த இடத்தில் ஒரு புதுச் செடி. அதே காரணத்தால் இதன் கழிவை ஏரியிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். பசிபிக் தீவுகள் சிலவற்றில் தோட்டத்திலிருந்து தப்பிய இந்தச் செடி ஈரநிலங்களில் களையாகப் பரவியிருக்கிறது. வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொட்டியைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். மட்டநிலத்தண்டு சுவரில் முட்டி முட்டி மெல்லிய பிளாஸ்டிக்கைப் பிளந்துவிடும். நடுவில் இருக்கும் பழைய கட்டையை எறிந்துவிட்டு ஓரத்து இளந்துண்டுகளை நடுங்கள். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள்.

இன்று பாய்க்கடைக்குப் போனால் பிளாஸ்டிக் பாய் முன்னால் நிற்கிறது. விலை குறைவு, நனைந்தாலும் கவலையில்லை. கோரைப்பாய் பின்சுவரில் சாய்ந்திருக்கிறது. ஆற்றுப்படுகையில் நிலத்தடி நீர் இறங்க இறங்க, கோரை போட்டிருந்த வயல்கள் வேறு பயிருக்கு மாறுகின்றன. கோரைப்பாய் வியர்வையை வாங்கி ஆறவிடும். பழசாகிக் கிழிந்தால் மண்ணுக்கே போய்விடும். பிளாஸ்டிக் பாய் இரண்டையும் செய்யாது. என் ஆச்சி கோரைப்பாயை மடிக்க விடமாட்டாள், சுருட்டத்தான் வேண்டும். மடித்தால் மடிப்பில் நார் ஒடியும் என்பாள். ஈரம் பட்டால் காற்றாட நிழலில் உலர்த்திவிட்டுத்தான் சுருட்டுவாள். பூஞ்சையும் லிக்னினும் அவள் படித்ததில்லை, பாய் மட்டும் பல வருடம் உழைத்தது.

கரூர், முசிறிப் பக்கம் போகிறவர்கள் கோரை அறுப்பு நடக்கும் வயலைப் பார்த்தால் வண்டியை நிறுத்துங்கள். ஒரு துண்டு கிழங்கு கேளுங்கள், கொடுப்பார்கள். ஈரத்துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். முளை மேலே பார்க்க வைத்து ஊன்றுங்கள். அப்படியே கடையில் ஒரு கோரைப்பாயும் வாங்கி வாருங்கள்.